புது வண்டி அச்சம்: இலக்கணமும் இயந்திரவியலும்

அச்சம் பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். ஐந்தாவதை விட்டது அவர் குற்றமன்று; அக்காலத்தில் ஷோரூம் இல்லை. ஆன்ரோடு விலை பேசி, முன்பணம் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும் ஒருவனுக்கு, தெருமுனை டீக்கடையை எட்டுவதற்குள் வயிற்றைப் புரட்டுகிறது. நல்ல வண்டிதானா? நடுரோட்டில் கழுத்தறுத்துவிடுமா? இதனைப் ‘புது வண்டி அச்சம்’ எனக் குறிப்போம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவனுக்கு இந்நோய் காண்பதில்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தே வாங்குவதால் அவன் நன்றாகத் தூங்குகிறான்.

முதலில் எதிர்த்தரப்பைக் கேட்டுவிடுவோம். பொறியாளர்கள் இதற்கு ஒரு படம் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் பழுதாகும் வாய்ப்பை அதன் வயதுக்கு எதிரே வரைந்தால் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு கிடைக்குமாம். பிறந்த புதிதில் பழுது அதிகம். பிறகு நெடுங்காலம் தட்டையாகக் கிடக்கும். முதுமையில் மறுபடி ஏறும். சரியாக முடுக்காத போல்ட்டும் சாலிடர் விட்ட வயரும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸுக்கு வரச் சொல்வதும் வீம்புக்கில்லை. புது இன்ஜின் உராய்ந்து உதிர்த்த உலோகத்தூள் முதல் ஆயிலோடு வெளியே போக வேண்டும். ஆகவே அச்சம் நியாயமானதே என்று வாதிக்கலாம். ஆனால் தொட்டிப் படத்தைப் பார்த்து அஞ்சியவனை நாம் இதுவரை கண்டதில்லை. அவன் அஞ்சுவது மாமாவைப் பார்த்து.

மாமா என்பது ஒரு பதவி. பெரியப்பா, மச்சான், மாடிவீட்டு அண்ணன், பஞ்சர் கடைக்காரர் யாரும் அதில் அமரலாம். தகுதி ஒன்றுதான்: கேட்கப்படும் வண்டியை அவர் ஒருநாளும் ஓட்டியிருக்கக் கூடாது. “அந்தக் கம்பெனியா? ஸ்பேர் கெடைக்காதே தம்பி” என்பது முதல் சூத்திரம். “இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், ரீசேல் இல்ல” என்பது இரண்டாவது. மூன்றாவது மிகக் கொடியது: “எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் எடுத்தான்...” இவ்வாக்கியத்துக்குப் பயனிலை கிடையாது, தலை மட்டும் இடவலமாக ஆடும். இப்பையனை எந்த ஆய்வாளரும் நேரில் கண்டதில்லை. சாட்சியங்களை ஒப்புநோக்குமிடத்து, எல்லாக் கம்பெனி வண்டிகளையும் அவன் ஒருவனே எடுத்து, அவன் ஒருவனே சீரழிந்திருக்கிறான் என்று தெரிகிறது.

பையன் பலிக்காவிட்டால் ‘அந்தக் காலத்து வண்டி’ வெளியே வரும். 1985-இல் அறிமுகமாகி 1996-இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னமும் ஓடவில்லையா? 1955-இல் மெட்ராஸில் பூட்டத் தொடங்கிய புல்லட் இன்னமும் ஓடவில்லையா? ஓடுகின்றனதான். இங்கே ஆபிரகாம் வால்டை அழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் ஓட்டைகளைக் கொண்டு, அமெரிக்காவில் கணக்குப் போட்டவர் அவர். ஓட்டை குறைவாக உள்ள இடத்துக்கே கவசம் வேண்டும், ஏனெனில் அங்கே அடிபட்டவை திரும்பி வரவில்லை என்பது அக்கணக்கின் சாரம். சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்தவர், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். நம்மூர் மலையில் முடிந்தவரின் கணக்கு நம்மூர் டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்று சிக்னலில் புகைவிட்டுப் போகும் ஆர்எக்ஸ் 100, திரும்பி வந்த விமானம். காயலான் கடைக்குப் போனவை சாட்சி சொல்ல வருவதில்லை.

அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்பும் சடங்கையும் அருகிருந்து பார்க்க வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்க, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். உடனே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு ஓர் உதை. முள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் பூரிக்கும். வண்டிக்கு அடியில் ஆயில் கோலம் போட்டிருக்கும். “கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்” என்று மாமா சான்றளிப்பது இவ்வண்டிக்கு! பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அது எங்கே நின்றாலும், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, கார்புரேட்டரை ஊதி மாட்டினால் போதும். அவர் நம்பியது தம் ஸ்பேனரைத்தான். பெயரைப் புல்லட் வாங்கிக்கொண்டது.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. ஏறக்குறைய எல்லாப் புது பைக்கிலிருந்தும் கார்புரேட்டர் கழன்றது. இப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைச் சென்சார்களைக் கேட்டு ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்கிறது. குளிரில் சோக் இழுத்துக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அபூர்வமாக மக்கர் செய்யும்போது தெருவே கையை விரிக்கிறது. “சென்சார் வண்டி சார், கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க” என்று மெக்கானிக் டீயைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பல மாடல்களில் கிக்கரும் போய்விட்டது. பெரியவர்கள் அது இருந்த இடத்தை இழவுவீட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். பேட்டரி அடியோடு படுத்துவிட்டால் கிக்கர் இருந்தும் பெரிய பயனில்லை, பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேண்டும் என்றால் யார் கேட்கிறார்கள்?

டெலிவரிக்குப் பின் நோய் முற்றும். சென்னைக்காரராயின் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை முடித்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். அணைத்தவுடன் அடியிலிருந்து ‘டிக்... டிக்... டிக்’ என்று சத்தம். சூடேறிய சைலன்சரும் இன்ஜினும் ஆறும்போது உலோகம் சுருங்கும் ஒலி அது. எல்லா வண்டியும் போடும். ஆனால் புதியவர் வாசலில் குந்தி, காதைச் சாய்த்து, மனைவியையும் அழைத்துக் கேட்க வைக்கிறார். சாவி போட்டதும் எரிந்து, கிளப்பியதும் அணையும் மஞ்சள் இன்ஜின் விளக்கு இன்னொரு வகை இம்சை. விளக்கு தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. பார்ப்பவர் தம் ஜாதகத்தைச் சோதித்துக்கொள்கிறார்.

இவற்றால் பெறப்படும் துணிபு: அஞ்சப்படுவது வண்டி நிற்பதற்கல்ல, ‘அன்னைக்கே சொன்னேனே’ என்ற சொல்லுக்கு. சான்று வேண்டுமாயின், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவும். ஊருக்கு வெளியே நின்றால் அவன் தள்ளிக்கொண்டு போகிறான், வியர்க்கிறது, அவ்வளவே. சொந்தத் தெருவில் நின்றால் கை தானாகப் போனை எடுத்துக் காதில் வைக்கிறது. “என்னப்பா, நின்னுடுச்சா?” என்று மாமா வந்தால், “இல்ல மாமா, ஆபீஸ்ல இருந்து போன்” என்பதே மரபு. மாமா நகர மாட்டார். இவன் இல்லாத மேலதிகாரியிடம் “சரி சார், சரி சார்” என்றபடி கட்டைவிரலால் செல்ஃபை அழுத்துகிறான், இன்ஜின் பிடிக்கிறது, கியர் போட்டதும் செத்துப்போகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி கியர், மறுபடி சாவு. டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பையன் ஒருவன் திரும்பிப் பாராமலே, “அண்ணே, சைடு ஸ்டாண்டு!” என்று கத்திவிட்டுப் போகிறான்.