கோணல் கூடத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: இயக்குநர், நகரப் பூங்காத் துறை, கலிஃபோர்னியாவின் மலையோர ஊர் ஒன்று.

பொருள்: 18 ஹோல் டிஸ்க் கோல்ஃப் மைதானத்தின் வழியாகத் தாங்கள் நிலைநாட்டியுள்ள சமத்துவத்தைப் பாராட்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டது மரியாதைக்காக அல்ல. எழுதினால், இதே மாதிரி சரிவில் இதே மாதிரி மைதானம் போட்டிருக்கும் மற்ற ஊர்ப் பூங்காத் துறைகள், 'நம்மைச் சொல்லவில்லை' என்று கடிதத்தை மடித்து வைத்துவிடும். தாங்கள் இந்த ஆட்டத்தை ஆடியதில்லை என்பதற்கு மைதானமே சாட்சி. ஆகவே முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. சிமென்ட் மேடையிலிருந்து முதல் எறி, தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி, குறைந்த எறிகளில் கூடையில் போட்டவர் கெட்டிக்காரர். ஒரு மேடையும் அதன் கூடையும் சேர்ந்தது ஒரு ஹோல். 1975-ல் தங்கள் மாநிலத்திலேயே, லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜின் ஓக் குரோவ் பூங்காவில், எட் ஹெட்ரிக் இந்த ஆட்டத்தின் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது குறி வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்று ஆளுக்கு ஆள் தகராறு. அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் சங்கிலியும் கூடையும் சேர்ந்த குறியை உருவாக்கி, 1977-ல் அவர் காப்புரிமை பெற்றார். தட்டு உள்ளே கிடந்தால் சரி, வெளியே கிடந்தால் இல்லை. நல்ல எறிக்கும் மோசமான எறிக்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த கருவி அது. தாங்கள் அதில் பதினெட்டை வாங்கி மலைமேல் நட்டு, அந்த வித்தியாசத்தையே ஒழித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற எங்கள் பழமொழி தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மைதானத்தைப் பற்றிக் குறை சொல்பவர்களுக்குப் பூங்காத் துறைகள் அனுப்பும் பதில்களில் அதன் வாசனை பலமாக அடிக்கிறது: மைதானம் கடினமானது, பயிற்சி தேவை, நன்றி, வணக்கம். பழமொழி நியாயமானதுதான். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஆடத் தெரிந்தவளையும் அதே கூடத்தில் ஆடவிடுவது. அவள் தப்பித்து மற்றவள் இடறினால் கூடம் கடினமானது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இடறினால் கோணல் கூடத்தில்தான். டிஸ்க் கோல்ஃப் வடிவமைப்பில் அக்கறை உள்ளவர்கள் பார்ப்பதும் இதைத்தான். நன்றாக எறிந்தவருக்கும் சுமாராக எறிந்தவருக்கும் கிடைக்கும் எண்ணிக்கைகள் ஒரு ஹோலில் பிரிகின்றனவா, அல்லது சீட்டுக் குலுக்கியதுபோல் கலந்து கிடக்கின்றனவா? தங்கள் மைதானத்தின் பல ஹோல்களில் கலந்துதான் கிடக்கின்றன. இதைத்தான் பொருளில் சமத்துவம் என்று எழுதினேன்.

பழியை மலைமேல் போடலாம் என்று தங்கள் பொறியாளர் யோசனை சொல்லக்கூடும். மலை நிரபராதி ஐயா. வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்மக்ளர்ஸ் நாட்ச் என்ற பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. அதைவிட மலை வேண்டுமானால் ஏறத்தான் முடியும், ஆட முடியாது. 2018-லும் 2023-லும் தொழில்முறை உலகச் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. தங்களுக்குப் பக்கத்திலேயே, சான்டா குரூஸ் நகரின் டெலவியாகா மைதானம் 1984 முதல் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே இருக்கிறது. அதன் 27-வது ஹோலுக்கு 'உலகின் உச்சி' என்று பெயர். மேடையில் நின்றால் தூரத்தில் மான்டெரே விரிகுடா தெரியும், கீழே தட்டு போக வேண்டிய இடமும் தெரியும். தப்பினால் எங்கே போய் விழும் என்பதும் எறிவதற்கு முன்பே தெரியும். பள்ளத்தைக் காட்டிவிட்டுப் பயமுறுத்துவதற்கும் பள்ளத்தை மறைத்துவைத்துத் தள்ளிவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. தங்கள் துறை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

ஐந்தாவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். கூடை, இறுகிய மண்சரிவின் நட்டநடுவே நிற்கிறது. சுற்றிலும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக்கூடச் சமதரை இல்லை. தட்டு எப்போதும் படுத்தவாக்கில் தரை தொடுவதில்லை. சற்றே சாய்ந்து இறங்கினால் விளிம்பில் நின்றுவிடும், சரிவில் விளிம்பில் நின்ற தட்டு உருளும். பத்து மீட்டரிலிருந்து எறிந்த தட்டு சங்கிலிக்கு ஒரு விரல்கடை விலகிப்போனால், தண்டனை இன்னொரு சிறு எறி என்பதுதான் வழக்கம். இங்கே அது நாற்பது, ஐம்பது மீட்டர் கீழே ஓடைப் புதருக்குள் போய்ச் சேருகிறது. சரிவில் கூடை வைப்பது ஒப்புக்கொள்ளப்பட்ட உத்திதானே என்று கேட்டால், ஆமாம், நல்ல உத்தி. துணிந்து நேரே எறிவதா, பத்திரமாகப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதா என்று ஆடுபவரை ஒரு நிமிடம் யோசிக்க வைப்பதுதான் அதன் அழகு. ஆனால் பத்திரமாக வைக்கப் பக்கத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். தங்கள் ஐந்தாவது ஹோலில் துணிந்தவர் தட்டும் உருள்கிறது, அடக்கி எறிந்தவர் தட்டும் உருள்கிறது. அபூர்வமாக ஒரு வேர் தடுத்து நிறுத்தினால் நிற்கிறது. ஆக அந்த ஹோலில் ஆடுபவர் வேர்தான். தொலைந்த தட்டைத் தேட விதி மூன்று நிமிடம் தருகிறது, கிடைக்காவிட்டால் ஓர் எறி அபராதம். ஓடைக்கு இறங்கவே அந்த மூன்று நிமிடம் போய்விடும். 2002-ல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு யாரும் தங்கள் பூங்காவுக்கு வந்துவிடக் கூடாதே என்று மனம் பதறுகிறது.

ஏழாவது ஹோல் சட்ட அறிஞர்களுக்கு உரியது. மேடைக்கு முன்னால் மேடு, மேட்டுக்கு அப்பால் கூடை. நடுவே பன்னிரண்டாவது ஹோலின் பாதை குறுக்கே போகிறது, அதை ஒட்டி நாயோடு நடக்க வருபவர்களின் ஒற்றையடிப் பாதையும் போகிறது. மேடையிலிருந்து இவற்றில் எதுவும் தெரியாது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்புத்தகமோ, தட்டு யார்மேலும் படாது, யாருடைய ஆட்டத்தையும் கெடுக்காது என்று நிச்சயமாகத் தெரியும்வரை எறியக் கூடாது என்கிறது. விதியை மதிப்பவர் எறியவே முடியாது. எறிய 30 விநாடிக் கெடு உண்டே என்றால், அந்தக் கெடு பாதை காலியான பிறகுதான் தொடங்கும். பாதை காலியா என்பதே தெரியாததால் கெடுவும் தொடங்காது. காலத்தை நிறுத்திவைக்கும் வித்தையை ஒரு நகராட்சி அலுவலகம் சாதித்திருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான். நடைமுறையில் என்ன ஆகிறது? விதியை மதிக்காதவர் எறிகிறார். நன்றாக எறிபவர் கையிலிருந்து 175 கிராம் கெட்டிப் பிளாஸ்டிக் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் புறப்படுகிறது. நாயோடு நடப்பவர் அந்த ஆட்டத்தில் பெயர் கொடுத்தவரும் அல்ல. பாதைகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்று அதே சங்கத்தின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்வது இதனால்தான். வெட்டியே தீர வேண்டுமென்றால் ஒரு மணியாவது கட்டலாம். கூடையை முடித்துக்கொண்டு விலகிப் போகிறவர் அடித்துவிட்டுப் போவார். பல மைதானங்களில் இருக்கிறது.

மேடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போதிய அகலமும் நீளமும் இருக்கட்டும் என்பது வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. ஏனென்றால் எறிபவர் சில அடி ஓடிவந்து எறிந்து, எறிந்த வேகத்தில் இன்னும் ஓர் அடி முன்னால் போவார். தங்கள் மூன்றாவது மேடை அந்தக் கடைசி அடி விழ வேண்டிய இடத்தில் முடிந்து, முழங்கால் உயரப் பள்ளம் ஆரம்பிக்கிறது. பலகைகளில் எழுதியிருக்கும் தூரங்களும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து எடுத்தவை போலிருக்கின்றன. ஒரு மீட்டர் ஏற்றம் மூன்று மீட்டர் கூடுதல் தூரத்துக்குச் சமம் என்பது வடிவமைப்பவர்களின் கைக்கணக்கு. பன்னிரண்டு மீட்டர் ஏறும் 90 மீட்டர் ஹோல், ஆடுபவரின் தோளுக்கு 126 மீட்டர். பலகையில் 90 என்றுதான் இருக்கிறது. ஒன்பதாவது ஹோலிலிருந்து பத்தாவதற்குப் போகும் வழியைக் காட்ட எந்தப் பலகையும் இல்லை. புதிதாக வருபவர்கள் பதினான்காவதை ஆடிவிட்டுத்தான் அது பத்தாவது இல்லை என்று அறிகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே, மைதானம் தன்னைத்தானே மறுவடிவமைப்புச் செய்துகொண்டிருப்பதைத் தாங்கள் கவனித்திருக்கிறீர்களா தெரியவில்லை. கூடைக்குப் போகும் நடைபாதைகள் சரிவை நேரே வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் குளிர்கால மழை இறங்குவதில்லை, மேலே ஓடுகிறது. ஓடும் தண்ணீருக்கு நேர்ச்சரிவுப் பாதையைவிட நல்ல வாய்க்கால் வேறெது? மண் போகப்போக வேர்கள் வெளியே வருகின்றன, வேரில் கால் தடுக்குகிறவர்கள் பாதையை விட்டு ஓரமாக நடக்கிறார்கள், ஓரமும் பாதையாகிறது. குறுக்கே வளைத்து இறங்கும் வழியும், இடையிடையே கட்டைப் படிகளும், கொஞ்சம் மரச்சில்லும் போட்டிருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது. ஆடுபவர்களின் எண்ணிக்கைப் பலகை ஒருபுறம் இருக்கட்டும். அந்த மரங்கள் யாரோடும் போட்டி போடவில்லை.

இனி தங்கள் தரப்பு வாதங்கள். ஆடக் கட்டணம் இல்லை, இலவசத்துக்குக் குறை சொல்லலாமா என்பது ஒன்று. கட்டணம் இல்லைதான். ஆனால் மேடை வரிப்பணத்தில் போட்டது, பிசகும் கணுக்காலுக்கு வைத்தியம் அவரவர் பணத்தில். சமதரையெல்லாம் பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் போய்விட்டது, வேறெதற்கும் உதவாத மலைதான் மிச்சம் என்பது இன்னொன்று. இதில் உண்மை இருக்கிறது. வெள்ளம் வரும் ஆற்றோரம், மூடிய குப்பைமேடு, செங்குத்துக் காடு என்று மற்ற விளையாட்டுகள் வேண்டாமென்ற நிலத்தில் குடியேறியே இந்த ஆட்டம் வளர்ந்தது. ஆனால் மிச்ச நிலத்தைக் கொடுத்தவருக்கு யோசனையிலும் மிச்சத்தையே கொடுக்கும் உரிமை கிடையாது. கூடையின் கம்பம் தரையில் புதைத்த ஒரு குழாய்க்குள்தான் செருகி நிற்கிறது. ஏழெட்டு மீட்டர் தள்ளி, சற்றே சமமான இடத்தில் இன்னொரு குழாயைப் புதைத்தால் ஐந்தாவது ஹோல் கடினமான ஹோல் ஆகிவிடும், கோணலாக இருக்காது. ஒரு மூட்டை சிமென்ட், இரண்டு பேர், ஒரு முற்பகல். தன்னார்வலர்கள் அமைத்தது என்று அவர்கள் பக்கம் கையைக் காட்ட வேண்டாம். விடுமுறையில் கடப்பாரையோடு வந்தவர்கள் அவர்கள். வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது தங்கள் அலுவலகம்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த மைதானத்தைப் புகழ்கிறார்களே என்பதுதான் கடைசியும் பலமானதுமான வாதம். உண்மையிலேயே புகழ்கிறார்கள். எதைப் புகழ்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். இரண்டாவது ஹோலில் இரண்டு ஓக் மரங்களுக்கிடையே விட்ட வழி, பதினொன்றாவதில் பள்ளத்தாக்கைத் தாண்டும் நீண்ட எறி, பதினாறாவதில் காற்று திரும்பும் முனை என்று சொல்வார்கள். மூன்றும் மலை கொடுத்தவை, மூன்றிலும் நல்ல எறிக்கு நல்ல கூலி கிடைக்கிறது. ஐந்தையும் ஏழையும் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையும் தங்கள் ஆண்டறிக்கை பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

மறுசீரமைப்புக்கு நிதி ஒதுக்குவதா என்று தீர்மானிக்கும் முன்பு, தாங்களும் தங்கள் பொறியாளரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து முழுச்சுற்று ஆடிப்பார்க்க வேண்டுகிறேன். ஏழாவது மேடையில் நிற்கும்போது, மேட்டுக்கு அந்தப் பக்கம் தங்களுக்கு வேண்டியவர் யாராவது நாயோடு நடந்துகொண்டிருப்பது நல்லது. ஆளுக்கு நான்கு தட்டாவது கொண்டுவாருங்கள். ஐந்தாவது ஹோலுக்குப் பிறகும் பதின்மூன்று ஹோல் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓடையில் கிடக்கும் தட்டுகளின் சார்பில்