பட்டணத்துக்கு வந்த பையன்

கேள்வி: கிராமத்தை விட்டுச் சென்னைக்குக் குடிவந்திருக்கிறோம். பையனின் கற்பனா சக்தி குன்றிவிடும் என்று என் மாமனார் வருந்துகிறார். தங்கள் அபிப்பிராயம் என்ன? (ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: பெரியவரின் வருத்தத்தில் நியாயம் உண்டு. நுங்கு தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் கிராமத்துச் சிறுவன், தச்சன், சாரதி, ஊதுகுழல் ஆகிய மூன்று உத்தியோகங்களையும் சம்பளமின்றி ஒருவனாகவே வகிக்கிறான். பட்டணத்துப் பிள்ளைக்கோ வண்டி கடையிலிருந்தே ஓசையோடு வந்துவிடுவதால், அவன் செய்வதற்கு அதை உடைப்பதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. (உடைப்பதும் ஓர் ஆராய்ச்சியே என்பதால் அடிக்காதீர்கள்.)

ஆயினும் குற்றம் பட்டணத்தின்மேல் அன்று. அலங்காரமான விளையாட்டுத் திடல்களைப் புறக்கணித்துவிட்டு, கட்டட வேலை நடக்கும் இடங்களில் சிதறிக் கிடக்கும் பொருள்களையே குழந்தைகள் நாடுவதைக் கவனித்த சோரென்சென் என்னும் டென்மார்க் நாட்டுத் தோட்டச் சிற்பியின் யோசனைப்படி, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலமாகிய 1943-இல், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ருப் பகுதியில், பலகையும் செங்கல்லும் மண்வெட்டியும் கொடுத்துக் குழந்தைகளையே கட்டச் சொன்ன ஒரு திடல் உதயமாயிற்று. 1946-இல் அதைக் கண்டு பரவசமடைந்த இங்கிலாந்தின் ஆலன் சீமாட்டியார், குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளில் அத்தகைய திடல்கள் தோன்றப் பெருமுயற்சி செய்தார்.

தாங்களும் வீட்டில் ஒரு மூலையை அட்டைப்பெட்டி, சணல், ஓடாத கடிகாரம் முதலியவற்றுக்கு ஒதுக்கி, டியூஷனுக்கு அகப்படாத ஒரு மணி நேரத்தையும் அவனுக்கு அளியுங்கள். வீடு நிச்சயம் குப்பையாகும், பெருக்கும் பொறுப்பில் பாதி அவனுடையது.