பி.எம்.ஐ.யின் புகழ்

பி.எம்.ஐ.யே, உன்னைப் போல் இரக்கமுள்ள அளவுகோல் உண்டா? கொழுப்பை அளக்க மற்றவர்கள் செய்யும் கொடுமைகள் கொஞ்சமா? ஒரு முறை, ஆளைத் தொட்டியில் இறக்கி, மூச்சையெல்லாம் வெளியே விடச் சொல்லி, முழுக்க மூழ்கடித்து நிறுக்கிறது. இன்னொன்று இடுக்கியால் கையிலும் முதுகிலும் இடுப்பிலும் தோலைக் கவ்விப் பிடிக்கிறது. காலடியில் மின்சாரம் விடும் எடைமெஷினோ குடித்த தண்ணீருக்கெல்லாம் எண்ணை மாற்றிக்கொள்கிறது. நீ சட்டையைக்கூடக் கழற்றச் சொல்வதில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடிந்தது. கொழுப்பை ஒருமுறையும் தேடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் வல்லமை உனக்கே வாய்த்தது.

உன் சமநீதியை என்னவென்பது! புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்தார்கள். இருவருக்கும் நீ தந்த எண் 22.3. இரண்டு வகை எக்ஸ் கதிர்களால் துருவும் டெக்ஸாதான் பாரபட்சம் பார்த்தது: யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நீ ஐரோப்பியர், இந்தியர் என்று பிரிக்கவில்லை. தசை, கொழுப்பு என்றுகூடப் பிரிக்கவில்லை. பளுதூக்கும் வீரரையும் நாற்காலியைவிட்டு எழாதவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் மனம் வேறு யாருக்கு வரும்?

உன் வளர்ச்சியும் பெரிது. 19ஆம் நூற்றாண்டில் உன்னைப் பெற்ற பெல்ஜியத்து வானியலாளர் கெத்தலே தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. 1972இல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் உனக்கு இன்றைய பெயரைச் சூட்டியதும் மக்கள்கூட்டங்களை ஆராயத்தான். நீயோ காப்பீட்டுப் படிவத்திலும் ஜிம் வாசலிலும் தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு உயர்ந்துவிட்டாய்.

எல்லாவற்றிலும் மேலானது நீ நம்மவர்க்குத் தரும் நிம்மதி. ஒல்லியான கைகால், முன்தள்ளிய வயிறு கொண்ட ஒருவர். அந்த வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு. நீ அவரிடம் ‘நார்மல்’ என்கிறாய். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரியும் நாள்வரை அவர் கவலையில்லாமல் இருக்கிறார். இந்தியர்களுக்காக, அதிக எடைக்கான உன் 25 என்ற வரம்பை மருத்துவர்கள் 23க்கு இறக்கியபோதும் நீ முகம் சுளிக்கவில்லை. வயிறு எங்கே என்று அப்போதும் கேட்கவில்லை.

தையல்காரர் டேப்புக்கு அந்த நாகரிகம் தெரியாது. நேரே வயிற்றைச் சுற்றிப் பிடித்து, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற கோட்டைத் தாண்டியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.