பழைய பெட்டி, புது வரவு

கேள்வி: 2006-ல் ஆட்சிக்கு வந்த அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் ஓடுகிறது. பேரன் வாங்கிவந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சொருக அதில் இடமே இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பொறுங்கள்! ஸ்டிக் பேசுவது டிஜிட்டல், உங்கள் டிவிக்குத் தெரிந்தது அனலாக். நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். கடையில் ‘எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர்’ என்று கேளுங்கள். ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ என்று அதற்கொரு இரட்டைப் பிறவியும் உண்டு. அதை வாங்கிவந்தால், ஒகேனக்கல் அருவியை மேல்நோக்கிப் பாயச் சொன்ன கதைதான்.

மஞ்சள் ஒயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. டிவியில் சத்தத்துக்கு ஒரே ஓட்டை என்றால் வெள்ளையைச் சொருகுங்கள். கன்வெர்ட்டருக்கும் தீனி வேண்டும்: 5 வோல்ட், போன் சார்ஜர் போதும். அதிலுள்ள குட்டி சுவிட்சைப் ‘பால்’ பக்கம் தள்ளுங்கள். ஆவின் அல்ல, நம் நாட்டு அனலாக் ஒளிபரப்பு முறையின் பெயர் அது. மறுபக்கம் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், உருளவும் செய்யலாம். கடைசியாக, ரிமோட்டில் ‘ஏவி’யை அழுத்துங்கள்.

ஸ்டிக் 1080 வரிகளில் படம் அனுப்பினாலும் பால் முறையில் தெரிவது 576 வரிகள்தான். அகலப் படம் சதுரப் பெட்டிக்குள் நெருங்கினால் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பட்டினி கிடக்காமலே கதாநாயகனை இளைக்க வைத்த பெருமை உங்கள் டிவிக்கு!