பிறவி மருந்தும் மொட்டைமாடிக் காக்கையும்: ஓர் எல்லைத் தகராறு ஆய்வு

முன்னாய்வுகள்: இல்லை. தேடவும் இல்லை. தேடாதவரைக்கும் எல்லாருமே முன்னோடிதான் என்பது கருத்தரங்க மலர்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்.

கருதுகோள்: திருத்துறைப்பூண்டிக்காரர் செத்தபின் காக்கையாக வர வாய்ப்பில்லை.

காரணம், ஊர் நடுவே கோயில் கொண்டிருப்பவர் பிறவி மருந்தீசுவரர். பிறவி நோய், அவர் மருந்து. மருந்து கேட்கிறதென்றால் எங்களுக்கு மறுபிறவி கிடையாது. அப்படியானால் அமாவாசைதோறும் மாடிச் சுவரில் உட்கார்ந்து கரைவது யார்? ஒன்று, மருந்தில் கோளாறு. அல்லது, வருபவை வெளியூர்க் காக்கைகள். முதலாவதை எழுதிவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியாது. ஆகவே இரண்டாவது நிறுவப்பட்டது. மன்னார்குடிக்காரர்களின் பாட்டன்மார் எங்கள் வடையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் (டீக்கடை வாய்மொழி, பெஞ்சு 2).

காக்கை பிறவியல்ல, பித்ருக்களின் வாகனம் என்போருக்கு ஒரு வரி: நம்பர் பிளேட் எங்கே?

ஆன்மாவின் எடை பற்றியும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அறிவியல் இல்லை என்பார்கள். அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் சாகக்கிடந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, முதல் ஆள் உயிர் போனதும் முக்கால் அவுன்ஸ், அதாவது 21 கிராம், குறைந்தது என்று 1907இல் வெளியிட்டார். மற்றவர்கள் கணக்கு ஒத்துவரவில்லை. 15 நாய்களுக்கு ஒன்றுமே குறையவில்லை. அந்த 21 கிராம் வியர்வை ஆவியான எடை என்று இன்னொரு மருத்துவர் சண்டைக்குப் போனார். இத்தனை சண்டை தேவையே இல்லை. கொள்முதல் நிலைய வாசலில் 17 சதவீதத்துக்காக நெல்லைக் காயப்போட்டுக் காத்துக்கிடக்கும் எங்கள் ஊர் விவசாயியைக் கேட்டிருந்தால் பார்க்காமலே சொல்லியிருப்பார்: ஈரப்பதம் (களத்துமேட்டு நேர்காணல், தார்ப்பாய்க்கு அடியில், தூறல் விட்டபின்).

இனி எல்லைப் பிரச்சினை. திருவாரூரில் பிறந்தால் முக்தி என்றார்கள் பெரியோர். எது திருவாரூர் என்று அவர்கள் வரையறுக்கவில்லை. கமலாலயக் குளத்தைச் சுற்றியுள்ள வீதிகளா, நகராட்சியா, மாவட்டமா? மாவட்டம் என்று கொண்டால் விபரீதம். திருத்துறைப்பூண்டி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997இலிருந்துதான் திருவாரூர். ஒரே தெரு, ஒரே திண்ணை, ஒரே மருத்துவச்சி கை. அண்ணனுக்கு மறுபிறவி உண்டு, தம்பிக்குக் கிடையாது. அண்ணன் என்ன பாவம் செய்தான், அரசாணைக்கு முந்திப் பிறந்ததைத் தவிர? முன்தேதியிட்டு முக்தி வழங்க வழியுண்டா? நாளைக்கு மாவட்டத்தை மறுபடி பிரித்தால் வாங்கிய முக்தியைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

நகராட்சிதான் எல்லை என்றால் வேறு சிக்கல். கடினமான பிரசவம் என்றால் இங்கிருந்து திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். ஈசனிடம் மருந்துச்சீட்டே வாங்காமல் பிள்ளை முக்தியோடு திரும்புகிறது. ஆனால் 108 வண்டியிலேயே வலி முற்றி, ஆலத்தம்பாடி தாண்டி, மாவூர் வருமுன் பிறந்துவிட்டால்? கிலோமீட்டர் கணக்கில் பகுதி முக்தி தருவதே நியாயம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது (ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரின் கூற்று, பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரி, "மாவூர் ரயில்வே கேட் மூடியிருந்தா அதையும் சேத்துக்கங்க" என்று அவரே பின்னால் சேர்த்த பின்னிணைப்புடன்).

கள ஆய்வு, தை அமாவாசை. தாத்தாவுக்குப் படைத்த இலையிலிருந்து பெரியத்தை ஒரு கவளம் எடுத்து, மேலே எள்ளைத் தூவி, சுவரில் வைத்து "கா... கா..." என்றார். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாடியில் நாலு காக்கை. "அவங்க வீட்ல உளுந்து வடை. நாம பருப்பு வடை. அப்பாவுக்குப் பருப்பு வடைன்னா ஆகாது, நாந்தான் மறந்துட்டேன்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார் (பெரியத்தை, மொட்டைமாடி உரை, முற்பகல் 11.20, குடை பிடித்தபடி, முதற்பகுதி).

கடைசியில் ஒன்று வந்தது. வாயில் ஏற்கெனவே ஒரு மீன்தலை. அதைச் சுவரில் வைத்து, சோற்றை மூன்று கொத்துக் கொத்தி, மறுபடி மீன்தலையைக் கவ்விக்கொண்டு தென்மேற்கே போயிற்று. நான் குதித்தேன். தாத்தா மீன் தொடாதவர். ஆகவே இது முத்துப்பேட்டைக் காக்கை, கருதுகோள் மெய்ப்பட்டது என்று அத்தையிடம் எல்லைக் கோட்பாடு முழுவதையும் விளக்கினேன். அவர் இலையை மடித்துக்கொண்டே கேட்டார் (மேற்படி உரை, இரண்டாம் பகுதி, மாடிப்படியில், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே):

"ஒங்கம்மா தலைப்பிரசவத்துக்கு மன்னார்குடிக்குல்ல போயிருந்தா. நீ எந்த மாடிக்குடா வருவே?"

இது மேலாய்வுக்குரியது.