டி.ஜே. விமலசுரேந்திர வழங்கும் சனிக்கிழமை இரவு

நோட்டன் பிரிட்ஜுக்கு ஒரே ஒரு டி.ஜே.தான். தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. 1953இல் காலமாகிவிட்டார், அதற்காக ஒரு சனிக்கிழமைகூட லீவு போட்டதில்லை. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதி வைத்த பொறியியலாளர் அவர். 1965இல் எங்களூரில் மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது அவர் பெயரையே சூட்டினார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் இறங்கி வந்து சுழலியைச் சுற்றுகிறது. அதில் பிறக்கும் ஐம்பது மெகாவாட் எங்கள் தலைக்கு மேலே கம்பியேறிக் கீழ்நாட்டுக்குப் போகிறது. கொழும்பு மொட்டைமாடி பாரில் பேஸ் நெஞ்சை இடிக்கிறதென்றால், விளக்கு கண்ணை வெட்டுகிறதென்றால், அதில் ஒரு பங்கு நம்ம டி.ஜே.யின் கைவரிசை. அந்தக் கம்பிக்கு நேர் கீழே இருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் மட்டும் பல காலம் குப்பி விளக்கில் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தன. நல்ல கலைஞர்கள். டிக்கெட்டுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கொழும்பின் இரவுக் கச்சேரிகளைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். எல்லாத் தகுதியும் உண்டு. இங்கே வீட்டுக்கொரு பிள்ளை கொழும்பில் நிற்கிறது. ஸ்பீக்கர் பெட்டியைப் படியில் ஏற்றுவது, காருக்கு இடம் காட்டுவது, கிளாஸ் கழுவுவது, விடியும்போது வாந்தியைக் கூட்டி அள்ளுவது எல்லாம் மலையகத்துக் கை. எந்த பேண்ட் உருப்படி, எந்த டி.ஜே. வெறும் பென்டிரைவ் என்பது கறுவாத்தோட்டத்து விமர்சகரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். கச்சேரியைக் கடைசிவரை நிதானத்தோடு கேட்கிறவர்கள் இவர்கள் மட்டும்தானே.

சில வருஷங்களுக்கு முன்னால் புறக்கோட்டைப் பாழ்கட்டடத்தில் ‘பெட்டா இன்டர்சேஞ்ச்’ என்று எலக்ட்ரானிக் இசை விழா நடத்தினார்கள். இசை நல்ல இசைதான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிற எங்கள் பையன், படுக்க இடமில்லாமல் அப்படியொரு கட்டடத்துக்குள் ஒதுங்கினால் பொலிஸ் வந்து அடையாள அட்டை கேட்கும். அங்கேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு விடிய விடிய நின்றால் அது கலை. உதிர்ந்த சுவருக்கும் ஒரு கிராக்கி வேண்டுமே.

பிறகு ‘இரவுப் பொருளாதாரம்’ வந்தது. நாடு முன்னேற வேண்டுமானால் ராத்திரி கடையைத் திறந்து வைக்க வேண்டும் என்று சுற்றுலா இராஜாங்க அமைச்சர் டயானா கமகே ஓயாமல் சொல்லி வந்தார். அவர் இலங்கைப் பிரஜையே இல்லை என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, நாடாளுமன்ற ஆசனம் பறிபோனது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த பரம்பரையில் வந்த ஒரு பாட்டி இங்கே அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, “அந்தம்மாவுக்கு நாற்காலிதானப்பா போச்சு” என்றார்.

மொட்டைமாடி பார் ஒன்றில் வேலை பார்க்கிற எங்களூர்ப் பையன் சொன்னது இது. “அண்ணே, நடுச்சாமத்துல நம்ம பாட்டப் போட்டானுங்க. எஞ்சாமி. அந்த ஸ்னேக்கு போட்ட மிக்ஸு. எல்லாம் கையத் தூக்கிக்கிட்டு ஆடுது. எனக்குக் காலு நிக்கல. ஆனா கையில ட்ரே.” கிளாஸ் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் இடுப்புக்கு மேலே அசையாமல், சப்பாத்துக்குள் விரலை மட்டும் ஆட்டினானாம்.

அவன் ‘நம்ம பாட்டு’ என்றது சும்மா இல்லை. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதியவர் அரக்கோணத்து அறிவு, பாடியவர்கள் தீயும் அவரும், இசை சந்தோஷ் நாராயணன். பாட்டுக்குள்ளே உட்கார்ந்திருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கப்பலேற்றக் கணக்குப் போட்டதே, அந்தக் கணக்கில் உதிர்ந்த சனத்தின் வாய்ப்பாட்டு அது. அதே மார்ச் மாதம்தான் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பாட்டு உலகம் சுற்றக் கிளம்பியது. ஆயிரம் ரூபாயைக் கம்பனிகள் நீதிமன்றப் படியேற்றின.

பாட்டுக்கு அப்புறம் நடந்ததைப் புரிந்துகொள்ள இசை விமர்சனம் படித்திருக்க வேண்டாம், தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோல் தெரிந்தால் போதும். விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். மலைக்கு ஏற வேண்டும். அட்டை கடிக்க, மழை நனைக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். தராசில் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. கடைசியில் குறித்த கிலோ வரவில்லையென்றால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார். நின்றது முழு நாள், பேர் பாதி.

அறிவு பறித்தது நிறைகூடை. ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ 2021 ஆகஸ்ட் இதழின் அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். அறிவுக்குப் பேர் போடவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், ஊரே கேட்டது. சத்தம் கிளம்பிய பிறகு இணையத்துக்கென்று தனியாக ஓர் அட்டை போட்டு அவரை அதில் உட்கார வைத்தார்கள். அரைப் பேர். பிரெஞ்சு டி.ஜே. ஸ்னேக் செய்த ரீமிக்ஸுக்கு நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரம் எரிந்தது. ஸ்னேக் இருந்தார், தீ இருந்தார், எழுதியவர் இல்லை. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. ஆளாளுக்கு விளக்கம் வந்தது. அறிவு வெளிநாட்டில் இருந்தாராம், தீ அவர் பேர் சொல்லத் தவறியதே இல்லையாம். இருக்கட்டும், தனித்தனியாக யாரும் கெட்டவர்கள் இல்லை. தோட்டத்திலும் அப்படித்தான்: துரை நல்லவர், கணக்கப்பிள்ளை தங்கமானவர், தராசுக்கு மட்டும் நெஞ்சில்லை.

காசு? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வாயைத் திறந்தார். மூன்று வருஷமாக இந்தப் பாட்டால் தனக்கோ மற்றக் கலைஞர்களுக்கோ ஒரு வருமானமும் வரவில்லை என்றார். சுயாதீனக் கலைஞர்களைக் கைதூக்கிவிடவென்றே ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு பிறந்த ‘மாஜா’ நிறுவனம், பணத்தை அமுக்கியதாகச் சொல்வதை மறுத்தது. தேயிலை ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் கம்பனிக்கு நட்டம்தான் என்று நூறு வருஷமாகக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு சல்லிக்காசு தரவில்லை என்றால் நாங்கள் மட்டும்தான் ஆச்சரியப்பட மாட்டோம்.

‘இண்டி’ என்றால் கம்பனி தயவில்லாமல் தானே எழுதி, தானே பாடி, தானே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்கிறார்கள். அப்படியானால் மலையகத்தின் முதல் இண்டி பாடகி மீனாட்சி அம்மாள். கணவர் கோ. நடேசய்யர், துரைமார் வெளியாளை உள்ளே விடாத காலத்தில் புடவை வியாபாரியாக வேஷம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தவர், 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியவர். அவர் பேசுகிற கூட்டங்களில் இந்த அம்மாள் பாடுவார். சனத்துக்குப் பழகிய மெட்டு, அதன்மேல் தன் சொல். இதைத்தான் இப்போது சாம்பிளிங் என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். 1940இல் பாட்டுகளைச் சிறு நூலாக அச்சடித்தார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்பது தலைப்பு. எந்த ராப்பரும் தன் ஆல்பத்துக்கு இத்தனை முரட்டுப் பெயர் வைத்ததில்லை. மைக்கும் கிடையாது, ஸ்பொன்சரும் கிடையாது. ஒலிப்பதிவு என்று ஒன்று கிடைத்தால் கொழும்பில் யாராவது அதற்கு ‘லோ-ஃபை’ என்று பெயர் வைத்து இரவுக்குப் போடுவார்கள்.

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். ஏரிக்கரையில் மேடை, ஹோட்டலுக்கு ஹோட்டல் டி.ஜே. காசல்ரீக் கரையில் துரை பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன; மாலையில் புல்வெளியில் மெல்லிசை, பின்னணிக்குப் பச்சை மலை, மலையில் புள்ளிபுள்ளியாகக் கூடைப் பெண்கள். பங்களாவைப் பளபளவென்று புதுப்பித்திருக்கிறார்கள். லயம் பாரம்பரியச் சின்னம் என்பதாலோ என்னவோ, ஒழுகுகிற தகரம் உட்பட அப்படியே பாதுகாக்கப்படுகிறது.

எங்கள் தலைவர்கள் மட்டும் இசைக்குச் சளைத்தவர்களா? நாங்கள் வந்து இருநூறு வருஷம் ஆனதற்கு 2023 நவம்பர் 2 அன்று கொழும்பு சுகததாச உள்ளரங்கில் ‘நாம் 200’ விழா. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்து வாழ்த்தினார். அதற்கு மூன்று மாதம் முன்னால், அதே இருநூறை நினைத்து ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக நடந்தது. நடந்தவர்கள் காணி கேட்டார்கள். கலைநிகழ்ச்சி கிடைத்தது.

ஊரான் வீட்டைப் பேசிவிட்டு நம் வீட்டை விட்டுவிட்டால் எப்படி? தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு இப்போது டி.ஜே. வேண்டும். லொறியில் சவுண்ட் செட், ஜெனரேட்டர், கலர் விளக்கு. தீபாவளி முற்பணம்போல முன்பணமும் கொடுத்தாக வேண்டும். காமன் கூத்தில் ரதியும் மதனும் விடிய விடிய ஆடியது எதன் அடிக்கு? தப்புக்கு. பெரட்டுக்கு எழுப்பியது தப்பு, பிணத்தை அனுப்பியது தப்பு. அந்தத் தப்புக்காரர்கள் இன்னமும் கோவிலுக்கு வெளியே, தூறலில், மிலாறு விறகை மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறார்கள். நோட்டன் பிரிட்ஜ் ஈரத்துக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் தோல் தொங்கிவிடும், மறுபடி நெருப்பு. டி.ஜே.க்கு மேடை, சோடா, நாற்காலி. இவர்களுக்குச் சாராயம், கடைசியில் கைக்குள் திணிக்கிற கசங்கின நோட்டு. சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், “வழமை” என்பார்கள். அதே தப்பைக் கொழும்பு ஃபியூஷன் மேடையில் ‘ஆதி இசை’ என்று கண்டால் கமிட்டிக்காரர் முன்வரிசையில் நின்று வீடியோ எடுப்பார்.

இந்த வருஷம் தப்புக்காரர்களில் இளவட்டம் ஒருவன் கமிட்டியிடம் போய் நின்றான். கூலியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. டி.ஜே. பேர் பெரிய எழுத்தில் போடுகிறீர்களே, எங்கள் நாலு பேர் பேரையும் நோட்டீஸில் போடுங்கள், அப்போதுதான் அடிப்போம் என்றான். கமிட்டி கூடிக் கலந்து பேசியது. செயலாளர் வந்து தோளில் தட்டிச் சொன்னார்:

“நல்ல யோசனைதான் தம்பி. ஆனா நோட்டீஸ் அடிச்சாச்சே.”