பேரீச்சம்பழத்துக்குப் போன ஆராய்ச்சி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். பிஎச்.டி. மாணவி. "சார், 1996ல நீங்க எழுதின கண்மாய் ரிப்போர்ட் எங்கேயும் கிடைக்கல. உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமா?" இத்தனை வருடத்தில் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வந்த முதல் ஜீவன். பூரித்துப் போய், "பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் 'பத்திரமா' எங்கிருந்து வந்து வாயில் விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை.

நான் பயன்பாட்டு மானிடவியல்காரன். கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பாதிப் பேர் வானியல் என்று காதில் வாங்கிக்கொண்டு, மழை எப்போது வரும் என்பார்கள்.

கண்மாயைத் தூர்வார ஒரு திட்டம் வருகிறது என்றால், அதற்கு முன்னால் ஊருக்குப் போவது என் வேலை. மடையை யார் திறக்கிறார், கடைமடைக்காரருக்குத் தண்ணீர் ஏன் எட்டவில்லை, மீன்பாசி ஏலப் பணம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக மானிடவியலர்கள் புத்தகம் எழுதுவார்கள், அதற்கு நூலகம் உண்டு. நாங்கள் ரிப்போர்ட் எழுதுவோம், அதற்கு ஸ்பைரல் பைண்டிங் உண்டு.

மொத்தம் ஐந்து பிரதிகள். நான்கு, பணம் கொடுத்த அலுவலகத்துக்குப் போயின. திட்டம் முடிந்தது, அலுவலகமும் முடிந்தது. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் ஏலத்தில் எடுக்க ஆள் வந்தது. ரிப்போர்ட்டை ஒரு ரூபாய்க்குக்கூட யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது பிரதி என் வீட்டுப் பரணில், அட்டைப் பெட்டியில். ஏறி இறக்கினேன். மேலே பிளாஸ்டிக் அட்டை, கீழே பிளாஸ்டிக் அட்டை, ஓரத்தில் ஸ்பைரல். நடுவில் செம்மண். என் 140 பக்கத்தையும் முதலிலிருந்து கடைசி வரை விடாமல் படித்து முடித்தவை கரையான்கள் மட்டும்தான். அனெக்சரைக்கூட விடவில்லை.

சுருக்கத்தை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. ஜெராக்ஸ் மையை பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தாளை உருவினால் எழுத்தெல்லாம் ஃபோல்டரில் இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது, தாளில் வெண்மை. மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடித்துப் படித்தேன். ஒரே ஒரு வரி பளிச்சென்று தெரிந்தது: 'இது குறித்து மேலும் ஆய்வு தேவை.'

"அப்போ நோட்டுப் புத்தகங்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஏங்க, வீடு மாத்தும்போது நீங்கதானே எடைக்குப் போட்டீங்க" என்றாள் மனைவி. போட்டேன்தான். நியூஸ்பேப்பருக்கு ஒரு ரேட், நோட்டுக்கு அதைவிடக் குறைவு என்றார் பழைய பேப்பர்காரர். விடவில்லையே நான், வாசலில் நின்று வாதாடி கிலோவுக்கு ஐம்பது காசு ஏற்றினேன். ஆறு ஊர்க் கண்மாய்களின் தண்ணீர் முறை அந்தத் தராசில் ஏறி இறங்கியது. எனக்கு ஐம்பது காசு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கேசட்டும் இருந்தது. ஒரு ஊரில் வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவர், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், அறுப்பில் அவருக்கு எத்தனை மரக்கால் நெல் என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். இப்போது போட்டுப் பார்த்தால் சினிமாப் பாட்டு. என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெற்றுக் கேசட் வாங்கக் கஞ்சத்தனப்பட்டு ரேடியோவிலிருந்து நானே பதிந்தது. மனசு கேட்காமல் கடைசி வரை ஓட்டினேன். பி பக்கத்தின் வாலில் பாட்டு ஓய்ந்ததும் ஒரு கரகரப்பு, அதற்குப் பிறகு அந்தப் பெரியவரின் குரல்! உடம்பு சிலிர்த்தது. "தம்பி, மிசினு ஓடுதா?" என்றார். டக். அவ்வளவுதான்.

ஃப்ளாப்பி வட்டுக்கு வருவோம். அதைப் படிக்கும் டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஃபைல் திறந்தது, குதித்தேன். பார்த்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியுமாக ஒரே கலவரம். தமிழ் எழுத்துருக்களுக்குத் தமிழக அரசு டேம், டேப் என்று பொதுத் தரம் கொண்டுவந்தது 1999ல். அதற்கு முன்னால் ஒவ்வொரு டிடிபி சென்டரும் ஒரு தனி சமஸ்தானம். எனக்கு டைப் அடித்துக் கொடுத்த சமஸ்தானம் இப்போது ஃபேன்சி ஸ்டோர். ஃபான்ட் இருக்கிறதா என்று போய்க் கேட்டதற்கு, ஹேர்பேண்ட் காட்டினார்கள்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் தொழிலில் இது உலகம் முழுக்க உள்ள வியாதி. அமெரிக்காவில் பயன்பாட்டு மானிடவியலுக்கு 1941லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். ஆனாலும் அங்கேயும் ரிப்போர்ட்டுகள் அலமாரிகளில் மக்கிக்கொண்டுதான் இருந்தன. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜான் வான் வில்லிகன் என்ற பேராசிரியர், அச்சேறாத இந்த ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி நூலகத்தில் சேர்க்க ஒரு திட்டமே நடத்தினார். அதைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்முடையதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, என்னென்ன இருக்கிறது என்று ஒரு லிஸ்ட் எழுதினேன். அந்த லிஸ்ட்டையும் காணவில்லை.

அமெரிக்கா வரை போவானேன்? நான் கண்மாய் கண்மாயாகச் சுற்றிய அதே சீமையில், காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்ற மனிதர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஒன்றுவிடாமல் சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, ஆராய்ச்சி நூலகமாகவே நிற்கிறது. ஒரே வட்டாரத்துக் காற்றைத்தான் இருவரும் சுவாசித்தோம். அவர் நோட்டீஸைக் காப்பாற்றினார், நான் நோட்டைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன்.

இப்படிப்பட்ட நேரங்களில் நான் மானிடவியலர் எம்.என். சீனிவாஸைத் துணைக்கு அழைப்பேன். 1948ல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி அவர் எடுத்த குறிப்புகள். அவற்றைச் சீர்படுத்தி எழுதிய மூன்று பிரதிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறையில் இருந்தன. ஆம், மூன்றும் ஒரே அறையில். யாரோ தீ வைத்தார்கள், போயிற்று. மனிதர் அசரவில்லை, ஞாபகத்திலிருந்தே எழுத உட்கார்ந்தார். 1976ல் 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்' வந்தது.

நானும் உட்கார்ந்தேன். புது நோட்டு, புதுப் பேனா, கண்ணை மூடி அந்த ஊர்களை நினைத்தேன். பஸ் ஸ்டாப் புரோட்டாக் கடைதான் வந்தது. சால்னாவின் நிறம் உட்பட, துல்லியமாக. மடை எத்தனை என்று மட்டும் வரவில்லை.

ஆனால் ஒரு நோட்டு தப்பியிருந்தது. பின்பக்கத்தில் மனைவி பால் கணக்கு எழுதி வைத்திருந்ததால் அது எடைக்குப் போகவில்லை. 'செவ்வாய் அரை லிட்டர், புதன் வரலை' என்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் முப்பது பக்கம். வெற்றி என்று பிரித்தால், 'ஊர் க, தகவலாளி 14: தெற்கு மடை விஷயத்தில் தகவலாளி 7 சொல்வது பொய்' என்று இருக்கிறது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மறைக்க வேண்டும் என்பது எங்கள் தர்மம். சீனிவாஸும் தன் ஊருக்கு ராம்புரா என்று வேறு பெயர்தான் வைத்தார். எது எந்த ஊர் என்கிற சாவித் தாளை, யார் கையிலும் சிக்கக் கூடாது என்று தனியாக ஒளித்து வைத்திருந்தேன். யார் கையிலும் சிக்கவில்லை.

அதே நோட்டில் ஒரு பக்கத்தில், 'வரைபடம் – பிறகு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. ஊர்க்காரர்களையே கண்மாய் வரைபடம் போடச் சொல்வது அப்போது எங்களுக்கு ஃபேஷன். பச்சரிசி மாவில் கரை, புளியங்கொட்டையில் வீடுகள், செங்கல் துண்டில் மடைகள் என்று இரண்டு மணி நேரம் குனிந்து போட்டார்கள். சார்ட்டில் பிரதி எடுக்க வேண்டும். எல்லோருக்கும் டீ வந்தது, குடித்துவிட்டு எடுக்கலாம் என்றேன். திரும்பி வந்தபோது கோழிகள் தெற்குக் கரையைத் தின்று முடித்து, கலுங்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

மாணவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முப்பது பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பால் கணக்கும் சேர்ந்து போய்விட்டது.

பதினைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல். "சார், ஊர் க எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்!"

"எப்படிம்மா?"

"ஆறு ஊர்லயும் உங்களப் பத்திக் கேட்டேன் சார். அஞ்சு ஊர்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆறாவது ஊர்ல, 'கோழிக்கு மாவு வச்ச சாரா?'ன்னாங்க."

நான் பேசவில்லை.

"இன்னொண்ணு சார். நீங்க வாய்க்கால்ல இறங்கிச் செருப்பைத் தண்ணியில விட்டீங்களாமே?"

விட்டேன். புதுச் செருப்பு.

"நீர்ப்பாய்ச்சியோட பையன் சொன்னாரு. அது எந்த மடை வாய்க்கால்ல விழுந்து, யார் யார் வயலைத் தாண்டி, எங்க போய் ஒதுங்குச்சுன்னு ஒரு இடம் விடாம சொல்றாரு சார். அவங்கப்பாதான் ஓடிப் போய் எடுத்தாராம். அந்த வருஷத் தண்ணி முறை முழுசாக் கிடைச்சிருச்சு. தகவலாளி 7 சொன்னது சரிதான் சார், 14தான் தப்பு. ஊரே சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னதை அப்படியே வீடியோ எடுத்திருக்கேன்."

"சரிம்மா" என்றேன். ஒரு நப்பாசை. "அதெல்லாம் போன்லதானே இருக்கு? பேக்கப் எதுவும் எடுக்கலையே?"

"எடுத்துட்டேன் சார். மூணு காப்பி. மூணும் வேற வேற இடத்துல."